பார்படோஸும் வளர்ச்சி உதவிச் சீர்திருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணக்கார நாடுகளும் உலக வங்கி போன்ற அமைப்புகளும் மற்ற நாடுகளுக்குக் கொடுக்கும் உதவி, கடன், அவற்றுக்கான விதிகள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு குட்டித் தீவின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பார்படோஸ் எங்கே இருக்கிறது? எவ்வளவு சின்ன நாடு?

கிழக்குக் கரீபியனில், மற்ற தீவுகளைவிட்டு அட்லாண்டிக் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 3 லட்சத்துக்கும் கீழ். தலைநகரம் பிரிட்ஜ்டவுன். 1966 நவம்பர் 30 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. சரியாக 55 ஆண்டுகள் கழித்து, 2021-ல் அதே நாளில், பிரிட்டிஷ் அரசியை நாட்டின் தலைவர் பதவியிலிருந்து விலக்கிவிட்டுக் குடியரசானது. வருமானத்தில் பெரும்பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது. அதனால்தான் கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றதும் நாட்டின் பொருளாதாரமே படுத்துவிட்டது.

'வளர்ச்சி ஒத்துழைப்பு' என்பது வெறும் நன்கொடைதானே?

இல்லை. நன்கொடை அதில் ஒரு பகுதி. குறைந்த வட்டிக் கடன், கடனுக்கான உத்தரவாதம், தொழில்நுட்ப உதவி, சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கொடுக்கும் அவசர நிதி, பேரிடர் நிவாரணம் என்று பலவும் சேர்ந்ததுதான் இந்தச் சொல். அப்புறம், பலரும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது: யாருக்கு எது கிடைக்கும் என்று தீர்மானிக்கும் விதிகளும் இதில் அடங்கும். பார்படோஸ் சண்டை போடுவது முக்கியமாக அந்த விதிகளுக்காக. "இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஆனால் பார்படோஸ் ஓரளவு வசதியான நாடு என்கிறார்களே? அவர்களுக்கு எதற்கு உதவி?

நியாயமான கேள்வி. சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த நாட்டுக்குக் கொடுப்பதை 'அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி' என்று கணக்கில் எழுதலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதை வைத்திருப்பது, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் வளர்ச்சி உதவிக் குழு, அதாவது உதவி கொடுக்கும் நாடுகளின் குழு. ஒரு நாட்டின் சராசரித் தலா வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக வங்கியின் உயர் வருமான வரம்புக்கு மேலே இருந்தால் அந்த நாடு பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்த வரம்பு இப்போது சுமார் 14,000 டாலர். பார்படோஸ் 2011-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டில் டிரினிடாட் டொபாகோவும் வெளியே போனது. செயின்ட் கிட்ஸ் நெவிஸ் 2014-ல், ஆன்டிகுவா பார்புடா 2022-ல்.

கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது, நாடு தேறிவிட்டது என்று. ஆனால் சராசரி வருமானம் போன வருடம் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். நாளைக்கு ஒரு சூறாவளி வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சொல்லாது. 2017-ல் மரியா சூறாவளி டொமினிக்கா தீவைத் தாக்கியபோது ஏற்பட்ட இழப்பு, அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 226 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். 2004-ல் ஐவன் சூறாவளி கிரெனடாவில் செய்ததும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரே இரவில் இரண்டு வருட உழைப்பு போய்விடுகிறது. பெரிய நாட்டில் ஒரு மாவட்டம் அழிந்தால் மற்ற மாவட்டங்கள் கைகொடுக்கும். 430 சதுர கிலோமீட்டரில் 'மற்ற மாவட்டம்' என்று ஒன்று கிடையாது.

முந்தைய நாள் வரை உயர் வருமான நாடு, மறுநாள் காலையில் கூரையில்லாத நாடு. இதைக் கணக்கில் எடுக்காத ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு யாருக்கு மலிவுக் கடன், யாருக்குச் சந்தை வட்டி என்று பிரிப்பது தவறு என்றுதான் பார்படோஸ் சொல்கிறது. எனக்கும் அதில் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் எதை வைத்து அளக்க வேண்டும்?

'பன்முகப் பாதிப்புக் குறியீடு' என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாடு வெளியிலிருந்து வரும் அதிர்ச்சிகளுக்கு எவ்வளவு ஆளாகிறது, அதைத் தாங்க அதனிடம் என்ன இருக்கிறது என்று பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் ஆகிய மூன்று பக்கமும் பார்த்துக் கணக்கிடும் முறை.

இந்த யோசனை நேற்று பிறந்ததல்ல. சிறு தீவு நாடுகளுக்கான முதல் ஐ.நா. மாநாடு 1994-ல் நடந்தது, பிரிட்ஜ்டவுனில்தான். அங்கே நிறைவேறிய பார்படோஸ் செயல்திட்டத்திலேயே இப்படி ஒரு குறியீடு வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. அதன்பின் 2022-ல் ஆன்டிகுவா பிரதமர் காஸ்டன் பிரவுனும் நார்வேயின் முன்னாள் பிரதமர் எர்னா சோல்பர்கும் இணைத்தலைவர்களாக இருந்த குழு வேலையைத் தொடங்கி, 2024 ஆகஸ்டில்தான் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. முப்பது ஆண்டுகள்! 1994-ல் பிறந்த குழந்தைக்கு இதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கே போயிருக்கும்.

ஏற்றதோடு சரி, இன்னும் கட்டாயமில்லை. உலக வங்கியோ ஓ.இ.சி.டி.யோ தங்கள் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளவில்லை. வருமானத்தோடு சேர்த்து இதையும் பார்க்கலாம் என்ற அளவில் நிற்கிறது.

2018-ல் பார்படோஸ் கடனைக் கட்டாமல் நிறுத்திய நாடுதானே? அதற்கு அறிவுரை சொல்லும் தகுதி உண்டா?

ஆமாம், நிறுத்தியது. 2018 மே மாதம் மியா மோட்லி பிரதமரானார், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். பொறுப்பேற்றுப் பார்த்தால் அரசின் கடன், நிலுவைகளையும் சேர்த்து, மொத்த உற்பத்தியில் 150 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. அயல்நாட்டுச் செலாவணிக் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். ஜூன் மாதமே வெளிநாட்டுக் கடனுக்கான தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஐ.எம்.எஃப்.பிடமிருந்து சுமார் 29 கோடி டாலர் திட்டம் கிடைத்தது. உள்நாட்டுக் கடனை 2018-லும் வெளிநாட்டுக் கடனை 2019 கடைசியிலும் மறுசீரமைத்தார்கள், அதாவது கடன் கொடுத்தவர்களோடு பேசித் தவணை, வட்டி நிபந்தனைகளை மாற்றி எழுதினார்கள்.

இது முழுக்க வெளியார் செய்த தவறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல ஆண்டுகள் வரவுக்கு மீறிச் செலவு செய்ததும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வரவு செலவைக் கட்டுப்படுத்தி, கடன் விகிதத்தை 100 விழுக்காட்டுப் பக்கம் இறக்கியிருக்கிறார்கள், நடுவில் கொரோனாவும் எரிமலைச் சாம்பலும் சூறாவளியும் வந்தும்கூட. 2021 ஏப்ரலில் பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் லா சூஃப்ரியேர் எரிமலை வெடித்துச் சாம்பல் மூடியது. ஜூலையில் எல்சா சூறாவளி வந்தது. 1955-ல் வந்த ஜேனட்டுக்குப் பிறகு பார்படோஸைத் தாக்கிய முதல் சூறாவளி அது.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். கடன் சுமையில் மூழ்கி எழுந்தவர்களுக்குத்தான் கடன் பத்திரத்தின் எந்த வரி கழுத்தை நெரிக்கிறது என்று தெரியும். அந்த அனுபவத்திலிருந்துதான் அடுத்த கேள்விக்கான பதில் வருகிறது.

'இயற்கைப் பேரிடர் விதி' என்று சொல்கிறார்களே, அது என்ன?

மறுசீரமைப்பு நடந்தபோது பார்படோஸ் தன் புதிய கடன் பத்திரங்களில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூறாவளியோ நிலநடுக்கமோ பெருமழையோ தாக்கினால், அசலையும் வட்டியையும் இரண்டு ஆண்டுகள் வரை தள்ளிப்போடலாம். கெஞ்சத் தேவையில்லை, பேச்சுவார்த்தை தேவையில்லை. அந்த உரிமை பத்திரத்திலேயே இருக்கிறது.

இதைக் கடன் தள்ளுபடி என்று நினைத்துவிடக் கூடாது. தள்ளிப்போன வட்டி அசலோடு சேரும், பின்னால் கட்டியாக வேண்டும். கடன் கொடுத்தவருக்கு மொத்தக் கணக்கில் நட்டம் வராதபடிதான் அமைத்திருக்கிறார்கள். மாறுவது நேரம் மட்டும்தான். ஆனால் அந்த நேரம்தான் எல்லாமே. புயல் அடித்த மறுமாதம் மருத்துவமனைக் கூரையைப் போட வைத்திருக்கும் காசை, லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் ஒரு நிதி நிறுவனத்துக்குத் தவணையாக அனுப்ப வேண்டியிருந்தால், அப்புறம் அந்த மருத்துவமனைக்காக வெளியில் அவசரக் கடன் தேட வேண்டும், அதுவும் அடிபட்டுக் கிடக்கும் நாடு என்பதால் இன்னும் கூடுதல் வட்டிக்கு. கடன் கடனை வளர்ப்பது இப்படித்தான்.

முதலில் இதைச் செய்தது பார்படோஸ் இல்லை, கிரெனடா. 2015-ல் அவர்கள் தங்கள் கடனை மறுசீரமைத்தபோதே சேர்த்துவிட்டார்கள். பார்படோஸ் செய்தது, அதை உள்நாட்டுக் கடன், வெளிநாட்டுக் கடன் இரண்டிலும் பரவலாகப் போட்டு, "எங்கள் பத்திரத்தில் இருக்கிறது, உங்கள் கடனிலும் ஏன் இருக்கக் கூடாது?" என்று உலக வங்கியிடமும் பணக்கார நாடுகளிடமும் போய் நின்றது. எனக்கு இந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். மற்றவர்களிடம் கேட்பதற்கு முன் தன் கையெழுத்தின் கீழ் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

சரி, அது நடைமுறையில் வேலை செய்ததா, இல்லை காகிதத்தில் மட்டும்தானா?

வேலை செய்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடாவின் கரியாக்கு தீவில் கரையேறியது. கரியாக்குவிலும் பெட்டிட் மார்ட்டினிக்கிலும் பெரும்பாலான கட்டடங்கள் நொறுங்கின. கிரெனடா அந்த விதியைப் பயன்படுத்தித் தன் கடன் பத்திரத் தவணையைத் தள்ளிப்போட்டது. தனியார் முதலீட்டாளர்கள் கையில் இருந்த பத்திரத்தில் இப்படி ஒரு விதி உண்மையில் இயங்கியது அதுதான் முதல்முறை. கூடவே, கரீபிய நாடுகள் சேர்ந்து 2007-ல் தொடங்கிய பேரிடர்க் காப்பீட்டு நிதியிலிருந்து 4 கோடி டாலருக்கு மேல் வந்தது. இந்தக் காப்பீட்டில் சேத மதிப்பீட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், காற்றின் வேகமும் மழையளவும் வரம்பைத் தாண்டினாலே பணம் வந்துவிடும்.

பெரில் பார்படோஸைத் தெற்கே விலகித்தான் கடந்தது. அப்படியும் பிரிட்ஜ்டவுன் மீன்பிடித் துறைமுகத்தில் நின்ற படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடைந்தன. நேரடியாக அடிக்காத புயலே இவ்வளவு செய்கிறது.

'பிரிட்ஜ்டவுன் முன்முயற்சி' என்பது இதைத்தானா?

இது அதன் ஒரு பகுதி. 2022 செப்டம்பரில் மோட்லி அரசு வெளியிட்ட ஒரு கோரிக்கைத் தொகுப்பு அது. நிதித்துறையில் நீண்ட அனுபவம் உள்ள அவினாஷ் பெர்சாட் அப்போது பிரதமரின் சிறப்புத் தூதராக இருந்து அதற்கு உருவம் கொடுத்தார்.

முதல் வடிவத்தில் கேட்டது மூன்று. ஒன்று, நெருக்கடியில் இருக்கும் நாடுகளுக்கு உடனே கைக்காசு: ஐ.எம்.எஃப். தன் அவசர நிதியின் வரம்பைக் கூட்ட வேண்டும், அதிகம் கடன் வாங்கிய நாடுகள்மேல் விதிக்கும் கூடுதல் கட்டணத்தை நிறுத்தி வைக்க வேண்டும், பணக்கார நாடுகளிடம் சும்மா கிடக்கும் எஸ்.டி.ஆர். (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) ஒதுக்கீட்டில் 10,000 கோடி டாலர் அளவுக்குத் தேவைப்படும் நாடுகளுக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு, உலக வங்கியும் மற்ற வளர்ச்சி வங்கிகளும் கடன் கொடுக்கும் அளவை 1 லட்சம் கோடி டாலர் கூட்ட வேண்டும். மூன்று, காலநிலைத் திட்டங்களில் தனியார் முதலீட்டை இழுக்க, 50,000 கோடி டாலர் எஸ்.டி.ஆர். பின்பலத்தோடு ஒரு பொது அறக்கட்டளை.

2023-ல் இரண்டாம் வடிவம் வந்தது, 2024-ல் மூன்றாவது. மூன்றாவதில் முதல் தலைப்பே ஆட்ட விதிகளை மாற்றுவது பற்றியது. எங்கே முட்டுகிறது என்று இரண்டு வருடத்தில் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்.டி.ஆர். என்றால் என்ன? எளிமையாகச் சொல்ல முடியுமா?

சிறப்பு எடுப்பு உரிமை. ஐ.எம்.எஃப். தன் உறுப்பு நாடுகளுக்கு உருவாக்கிக் கொடுக்கும் ஒரு கையிருப்புச் சொத்து. கடைக்குக் கொண்டுபோக முடியாது, ஆனால் டாலர், யூரோ போன்ற நாணயமாக மாற்றிக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்டில் 65,000 கோடி டாலர் மதிப்புக்கு ஒதுக்கினார்கள், கொரோனாவுக்காக. வரலாற்றிலேயே பெரிய ஒதுக்கீடு. ஆனால் பங்கு போட்டது ஒவ்வொரு நாட்டுக்கும் ஐ.எம்.எஃப்.பில் இருக்கும் உரிமைப் பங்கின்படி. அதனால் அமெரிக்காவுக்கு மட்டும் 11,000 கோடிக்கு மேல், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 3,300 கோடி, பார்படோஸுக்குச் சுமார் 13 கோடி. யாருக்கு அவசியமே இல்லையோ அவர்களிடம் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது. இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் அது சரியான கோபம்தான்.

வட்டி வித்தியாசம் அவ்வளவு பெரியதா?

ஆமாம். 2022-ல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் மோட்லி சொன்ன கணக்கு: வடக்கு நாடுகள், அதாவது பணக்கார நாடுகள், 1 முதல் 4 விழுக்காட்டில் கடன் வாங்குகின்றன; தெற்கு நாடுகள், அதாவது வளரும் நாடுகள், 14 விழுக்காட்டில். ஒரே சூரிய மின்நிலையம், ஒரே இயந்திரம், ஒரே வெயில். ஒரு நாட்டில் அது லாபம் தரும் திட்டம், இன்னொரு நாட்டில் வட்டியே அதை விழுங்கிவிடும்.

கேட்டதில் எவ்வளவு கிடைத்தது?

எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம், தேவையைவிட ரொம்பக் குறைவு.

2023 ஜூன் மாதம் பாரிஸில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் மோட்லியும் முன்னின்று நடத்திய உச்சி மாநாட்டில் உலக வங்கி பேரிடர் இடைநிறுத்த விதியைத் தன் கடன்களில் சேர்ப்பதாக அறிவித்தது. முதலில் சிறு நாடுகளின் புதிய கடன்களுக்கு மட்டும் என்று தொடங்கி, பின்னர் ஏற்கெனவே இருக்கும் கடன்களுக்கும் விரித்தார்கள். 10,000 கோடி டாலர் எஸ்.டி.ஆர். உறுதிமொழி இலக்கை எட்டியதாக அதே சமயத்தில் ஐ.எம்.எஃப். சொன்னது. அந்தப் பணத்தை வைத்து நீண்ட காலத் தவணையில், காலநிலைச் செலவுகளுக்காக ஐ.எம்.எஃப். ஒரு தனி நிதியைத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து முதலில் கடன் பெற்ற நாடுகளில் பார்படோஸும் ஒன்று, 2022 டிசம்பரில்.

உலக வங்கி தன் சொந்த மூலதனத்துக்கும் கொடுக்கும் கடனுக்கும் இடையே வைத்திருந்த குறைந்தபட்ச விகிதத்தை 20 விழுக்காட்டிலிருந்து 19, அப்புறம் 18 என்று இறக்கியது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் கூடுதல் கடன் கொடுக்க முடிகிறது. ஐ.எம்.எஃப். கூடுதல் கட்டணத்தை ஒழிக்கவில்லை, ஆனால் 2024 அக்டோபரில் அதையும் வட்டியையும் குறைத்தது. கடன் வாங்கிய நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர் மிச்சம்.

கிடைக்காதது: 50,000 கோடி டாலர் அறக்கட்டளை வரவே இல்லை. 1 லட்சம் கோடி கூடுதல் கடனும் அந்த அளவில் வரவில்லை. வாக்குரிமை அப்படியே இருக்கிறது. ஐ.எம்.எஃப்.பில் அமெரிக்காவுக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு இருக்கிறது. பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வேண்டும் என்பதால் அது ஒன்றே தடுத்துவிட முடியும். பார்படோஸின் வாக்கு 0.1 விழுக்காடுகூட இல்லை.

'கடனுக்குப் பதில் இயற்கை' ஒப்பந்தங்கள் என்கிறார்களே?

பார்படோஸ் இரண்டு செய்திருக்கிறது. 2022-ல் முதலாவது: 15 கோடி டாலர் பழைய கடனை, அமெரிக்க வளர்ச்சி வங்கி ஒன்றும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் கொடுத்த உத்தரவாதத்தோடு, குறைந்த வட்டிக் கடனாக மாற்றினார்கள். மிச்சமாகும் பணத்தில் 15 ஆண்டுகளில் சுமார் 5 கோடி டாலர் கடல் பாதுகாப்புக்குப் போகும். அமெரிக்க வளர்ச்சி வங்கி என்று நான் சொல்வது அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்து நடத்தும் வங்கியை.

இரண்டாவது 2024 டிசம்பரில். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது ஒரு கழிவுநீர் நிலையத்தைப் பற்றியது. தீவின் தென்கடற்கரையில் கழிவுநீர் அமைப்பு பழுதாகி, 2017, 2018 வாக்கில் தெருவிலேயே ஓடிய வரலாறு உண்டு. அது சுற்றுலா விடுதிகள் வரிசையாக இருக்கும் பகுதி. பார்படோஸில் ஆறுகள் என்று சொல்ல அதிகம் இல்லை, பவளச் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் வாழ்கிறார்கள், தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமை. இந்த ஒப்பந்தத்தில் விலை கூடிய உள்நாட்டுக் கடனைத் திருப்பி வாங்கிவிட்டு, ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் அமெரிக்க வளர்ச்சி வங்கியும் தலா 15 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்த மலிவான புதுக் கடனை எடுத்தார்கள். மிச்சம் சுமார் 12.5 கோடி டாலர். அந்தப் பணம் தென்கடற்கரை நிலையத்தை மேம்படுத்தி, சுத்திகரித்த நீரைப் பாசனத்துக்கும் நிலத்தடிக்கும் திருப்பிவிடும் வேலைக்குப் போகிறது.

இவை பெரிய தீர்வுகள் அல்ல. வக்கீல், ஆலோசகர், வங்கி என்று ஏற்பாட்டுச் செலவே அதிகம், ஒவ்வொன்றையும் முடிக்க வருடக்கணக்கில் ஆகிறது. ஏற்கெனவே கடனைக் கட்ட முடியாமல் இருக்கும் நாட்டுக்கு இது உதவாது.

விமர்சனங்கள் என்ன?

முக்கியமானது ஒன்று: இந்த முன்முயற்சி பெரும்பாலும் இன்னும் அதிகக் கடன், இன்னும் மலிவான கடன் என்ற திசையில்தான் போகிறது, கடன் ரத்து பற்றிப் பலமாகப் பேசவில்லை. மூச்சுமுட்டும் கடனில் இருப்பவருக்கு நல்ல வட்டியில் மேலும் கடன் கொடுப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரிகூட இல்லை, பசியை வளர்க்கிற தீனி என்று பல நாடுகளின் கடன் நீதி இயக்கங்கள் சொல்கின்றன. இதை ஒதுக்கிவிட முடியாது. மலிவுக் கடனும் இடைநிறுத்த விதியும் நிமிர்ந்து நிற்கும் நாட்டை விழாமல் காக்கும். ஏற்கெனவே விழுந்த நாட்டுக்கு ரத்துதான் வேண்டும். பார்படோஸே 2018-லும் 2019-லும் உள்ளூரிலும் வெளியிலும் கடன் கொடுத்தவர்களோடு மறுசீரமைப்பு செய்துதானே எழுந்தது.

தனியார் முதலீட்டை நம்புவது பற்றியும் கேள்வி எழுப்புகிறார்கள். சூரிய மின்சாரத்துக்குத் தனியார் வருவார்கள், மின்கட்டணத்திலிருந்து வருமானம் வரும். கடலரிப்புச் சுவருக்கு யார் வருவார்கள்? அது யாருக்கும் வருமானம் தராது, உயிரைத்தான் காக்கும். இதற்கு மானியம்தான் ஒரே வழி. பெர்சாட் இதை ஆரம்பத்திலிருந்தே பிரித்துத்தான் பேசினார், ஆனால் மாநாட்டு அறிக்கைகளில் அந்தப் பிரிவு மங்கிவிடுகிறது.

உதவித் தொகையே குறைந்துகொண்டு வரும்போது சீர்திருத்தம் பேசி என்ன பயன்?

பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடு கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை சொன்னது 1970-ல். 2024-ல் கொடுத்தது சராசரியாக 0.33 விழுக்காடு. இலக்கைத் தொட்டது நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்ஸம்பர்க் என்று நான்கே நாடுகள். லக்ஸம்பர்க் நம் கதையில் வரும் இன்னொரு சின்ன நாடு, சொல்லப்போனால் மக்கள்தொகை 7 லட்சத்துக்கும் கீழ். முடியாது என்பவர்களுக்கு அதைக் காட்டலாம். 2025-ல் அமெரிக்கா தன் உதவி முகமையையே கலைத்தது, பிரிட்டனும் ஜெர்மனியும் பிரான்ஸும் வெட்டின.

பணம் குறையும்போது விதி இன்னும் முக்கியமாகிறது என்றுதான் நான் சொல்வேன். இடைநிறுத்த விதிக்கு யாரும் புதிதாகப் பணம் போட வேண்டியதில்லை. அளவுகோலை மாற்றுவதற்கும் பணம் தேவையில்லை.

2025 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை ஸ்பெயினின் செவில் நகரில் வளர்ச்சி நிதி பற்றிய நான்காவது ஐ.நா. மாநாடு நடந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்பதை ஒப்புக்கொண்ட ஆவணம் நிறைவேறியது. அமெரிக்கா அதற்கு முன்பே விலகிவிட்டது. கடன் இடைநிறுத்த விதியைப் பரப்புவதற்கென ஒரு கூட்டணியும் அங்கே அமைந்தது. பத்தாண்டுகளுக்கு முன் கிரெனடாவின் பத்திரத்தில் மட்டும் இருந்த ஒரு பத்தி அது.

புதிதாகப் பணம் திரட்ட வேறு வழி சொல்கிறார்களா?

சொல்கிறார்கள். பிரான்ஸ், கென்யா, பார்படோஸ் மூன்றும் இணைத்தலைமை ஏற்று, கப்பல், விமானம், நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றின்மேல் உலகளாவிய வரி போட முடியுமா என்று ஆராய ஒரு குழுவை 2023-ல் தொடங்கின. செவிலில் அதிலிருந்து ஒரு சிறு படி: உயர்வகுப்பு விமானப் பயணத்துக்கும் தனியார் விமானங்களுக்கும் வரி விதிக்க எட்டு நாடுகள் ஒன்றுசேர்ந்தன, பார்படோஸும் அதில் இருக்கிறது. சுற்றுலாவை நம்பும் தீவு விமான வரிக்குக் கையெழுத்துப் போடுவது சாதாரண விஷயமில்லை.

இது மோட்லி என்ற ஒருவரின் முயற்சி மட்டும்தானா? அவருக்குப் பிறகு?

அவருடைய பேச்சுத்திறன் இல்லாமல் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது, உண்மைதான். ஆனால் 1994 மாநாட்டை நடத்தியது வேறு அரசு, கிரெனடாவின் விதியை எழுதியது வேறு நாடு, குறியீட்டுக்குத் தலைமை ஏற்றது ஆன்டிகுவா. கரீபியத் தீவுகள் முறைபோட்டுத் தூக்கி வந்த சுமை இது. பத்திரத்தில் எழுதிய விதி, பிரதமர் மாறினாலும் பத்திரம் முதிரும்வரை இருக்கும்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், காலநிலை மாற்றத்தால் அடிபடும் நாடுகளுக்கான இழப்பு மற்றும் சேத நிதி. 2022-ல் எகிப்தில் ஒப்புக்கொண்டு, 2023-ல் துபாயில் தொடங்கியது. 2025 வரை வந்த உறுதிமொழிகள் 100 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. 2025 ஏப்ரலில் அதன் நிர்வாகக் குழு பார்படோஸில் கூடி, முதல் கட்டமாக 25 கோடி டாலரை மானியமாகக் கொடுக்கும் முறையை முடிவுசெய்தது, அந்த முறைக்கு பார்படோஸ் பெயரையே வைத்தார்கள். பணம் நாடுகளின் கைக்கு எத்தனை மாதத்தில் போய்ச் சேருகிறது என்பதுதான் சோதனை.

ஐ.நா.வில் 2027 வரை நடக்கும் உலக வரி ஒப்பந்தப் பேச்சும் முக்கியம், ஆனால் அது தனிப் பக்கம் எழுதவேண்டிய விஷயம்.

அப்புறம், பத்திரிகையில் ஏதாவது சிறு தீவு புதுக் கடன் பத்திரம் வெளியிட்டது என்று படித்தால், வட்டி எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், பேரிடர் இடைநிறுத்த விதி அதில் இருக்கிறதா, எந்த அளவு காற்றுக்கும் மழைக்கும் அது இயங்கும், வெள்ளமும் வறட்சியும் அதில் சேருமா என்று பாருங்கள். பல பத்திரங்களில் வறட்சிக்கு இன்னும் இடமில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு இவ்வளவு இருக்கும் தீவுகளுக்கு அடுத்த சண்டை அங்கேதான்.